மேட்டுப் பம்புக்கு இரண்டு வழி

6 பிப்ரவரி 2025, வியாழன்

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் லோஷினி பிடித்துக்கொண்டாள். "தண்ணி கம்பெனிக்கு எதுக்கும்மா ஃபைபர் சாஃப்ட்வேர்?" பதினாறு வயதுப் பிள்ளை கேட்கும் கேள்வி எல்லாமே குறுக்கு விசாரணை மாதிரிதான் இருக்கிறது. குழாய் புதைக்கும்போதே பக்கத்தில் ஃபைபரும் புதைத்துவிடுவோம், பம்புக்கும் வால்வுக்கும் போகிற கட்டளை எல்லாம் அதில்தான் போகிறது, மிச்ச இழைகளைப் பள்ளிகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வாடகைக்கு விடுகிறோம், எது எங்கே ஓடுகிறது என்பதை ஒரே இடத்தில் பார்க்க மென்பொருள் வேண்டும் என்றேன். "அப்ப இவ்வளவு வருஷமா எப்படி பாத்தீங்க?" என்றாள். பழைய வரைபடமும் ஆட்களின் ஞாபகமும்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. குளிக்கப் போய்விட்டேன்.

அந்த மென்பொருளை விற்க இரண்டு கம்பெனிகள் போட்டி; இன்று கோலாலம்பூர் கம்பெனியின் முறை. கூட்ட அறையின் பெரிய திரையில் ஜொகூர் பாரு முழுவதும் நீலமும் பச்சையுமாக மின்னியது. விரலால் தொட்டால் தெரு எழுந்து நிற்கிறது. டைரக்டர் துவான் ஹாஜி குழந்தையைப் போல நாலு தடவை தொட்டுப் பார்த்தார். எனக்கும் பிடித்திருந்தது. இதையே வாங்கிவிட்டால் இந்த மாதமே வேலை முடியும்.

எங்கள் சீனியர் பொறியாளர் பிரேமகுமார் சார் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கு சார் என்று கேட்டேன். "பார்ப்பம்" என்றார், தன் இலங்கைத் தமிழில். பதினோரு வருடமாக இந்த ஒரு சொல்லைக் கேட்கிறேன். மழை வருமா என்றாலும் பார்ப்பம், மனைவி சுகமா என்றாலும் பார்ப்பம்.

பொறியியல் பிரிவுத் தலைவர் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கு மனுப் போட்டிருப்பது இரண்டே பேர். ஒருவர் அவர், இன்னொருவர் நான். அவருக்கு என்னைவிட எட்டு வயது கூட. அதோடு மேட்டுப் பம்புக்கு இரண்டாவது ஃபைபர் வழி போட்டுக் கொடுத்தவர் என்ற பெயர் வேறு. கிடைக்கப்போவது அவருக்குத்தான். தெரிந்தும் மனுப் போட்டேன். போடாமல் இருந்திருந்தால் வீட்டுக்காரர் சுகுமாறன் வருடக் கணக்கில் சொல்லிக் காட்டியிருப்பார்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். கோவிலில் கூட்டம் நசுக்கியெடுத்தது. எங்கள் களப்பணிக் குழுத் தலைவர் காளிதாஸ் பால்குடம் எடுத்து வந்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஆளே மாறியிருந்தார்.

இன்றைக்கு டியூட்டி அப்துல் ரஹ்மான் குழுவுக்கு. எங்கள் இடத்தில் இது எழுதாத சட்டம். தீபாவளி, தைப்பூசம் என்றால் ரஹ்மான் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு காளிதாஸ் ஆட்கள். விடுமுறையில் இருப்பவனைக் கூப்பிட்டு எந்த வேலையும் சொல்லக் கூடாது. திரும்பி வந்த பிறகும் "உன் நாளில் இது நடந்தது" என்று நீட்டக் கூடாது. இன்று பன்னிரண்டு மணிக்கு ரஹ்மான் காளிதாஸுக்கு போன் பண்ணினார். எல்லாம் ஓகே, நிம்மதியாகச் சாமி கும்பிடு என்றாராம். எத்தனை அலுவலகத்தில் இப்படி இருக்கிறது?

19 பிப்ரவரி, புதன்

பிரேமகுமார் சார் ஒரு வேலை செய்திருக்கிறார். இரண்டு கம்பெனிக்கும் மேட்டுப் பம்பின் சங்கதிகளைக் கொடுத்து, "எங்கட சாமானை உங்கட மென்பொருளில் போட்டுக் காட்டுங்கோ" என்று கேட்டிருக்கிறார். வரைபடங்கள், இழைகளுக்குள் ஒளி விட்டு எடுத்த நீள அளவுகள், பழுதுக் குறிப்புகள் என்று கிடைத்ததையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பியாயிற்று.

எனக்கு எரிச்சல். இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போகும். விற்க வந்தவன் காட்டுகிற படத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன்.

"பொம்பிளை பார்க்கப் போனா போட்டோவை மட்டும் பார்த்திட்டு வாறதோ, வாசுகி?"

"போட்டோ பாத்துத்தான் சார் எங்க வீட்டுக்காரரு என்னைக் கட்டினாரு. நல்லாத்தான இருக்கோம்."

சிரித்தார். ஆனால் மூட்டையைத் திரும்ப வாங்கவில்லை.

ஏன் மேட்டுப் பம்பைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றதற்கு, எனக்கு அதுதான் நன்றாகத் தெரியும், அதில் பொய் சொன்னால் பிடித்துவிடுவேன் என்றார். நியாயம்தான். அந்த மேட்டில் இருக்கிற மூன்று தாமான் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் அந்தப் பம்பிலிருந்துதான் ஏறுகிறது. எங்கள் வீடும் அதில் ஒன்றில்தான். கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பு அறுந்தால் பம்பு பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை அப்படி நின்று, டயாலிசிஸ் நிலையத்தில் நோயாளிகளைப் பாதியில் வேறு இடத்துக்கு ஏற்றிப்போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் சார் மேட்டைச் சுற்றிப் பின்பக்கமாக இரண்டாவது வழி போட்டார். போன வருடம் நகர மன்றத்தில் எழுந்து நின்று, "இரண்டு வழியும் தனித்தனி. ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். இது என் வாக்கு" என்றார். கை தட்டினார்கள். நானும்தான்.

27 பிப்ரவரி, வியாழன்

 ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கோலாலம்பூர் கம்பெனி. நாங்கள் கொடுத்த வரைபடம் அப்படியே, ஆனால் தேவலோகம் மாதிரி. முதல் வழி நீலக் கோடாகப் பாலத்தின் வழியே, இரண்டாவது வழி பச்சைக் கோடாக மேட்டைச் சுற்றி. துவான் ஹாஜி சாரின் தோளைத் தட்டினார்.

மத்தியானம் பினாங்கு கம்பெனி. வந்தது ஒரே ஒரு பெண், மிஸ் ஓங். திரை பார்க்கவே சகிக்கவில்லை, சாம்பல் நிறமும் கட்டம் கட்டமாக எண்களும். இரண்டாவது வழியைத் திறந்தாள். கோடு முழுக்கச் சிவப்பு.

என்னவென்று கேட்டோம். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வரைபடத்தில் இரண்டாவது வழி மேட்டைச் சுற்றி நீளமாகப் போகிறது. ஆனால் ஒளி விட்டு அளந்த கணக்குப்படி அந்த இழை அவ்வளவு நீளமே இல்லை. ஏறக்குறைய முதல் வழியின் நீளம்தான். வரைபடமும் அளவும் ஒத்துப்போகாவிட்டால் எங்கள் மென்பொருள் பச்சை காட்டாது, மன்னிக்கவும், ஒருவேளை நாங்கள் தப்பாக ஏற்றியிருக்கலாம் என்றாள்.

துவான் ஹாஜி சிரித்தார். தேர்வுக் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். பிரேமகுமார் போட்ட வழியையே இல்லை என்கிறதே உன் மென்பொருள் என்று ஒருவர் கேலி செய்தார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் மடிக்கணினியை மூடப் போனாள்.

அந்த இடத்தில் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். கதை முடிந்தது. கோலாலம்பூர் படம் வாங்கியிருப்போம், நாற்காலியும் அவருக்கு, யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"மூடாதேங்கோ" என்றார் தமிழில். பதற்றத்தில் மொழி மாறிவிட்டது. பிறகு மலாயில், "அவள் மென்பொருள் பிழை இல்லாமலும் இருக்கலாம். நாளைக்குப் போய்த் திறந்து பார்க்கிறேன்" என்றார். 

28 பிப்ரவரி, வெள்ளி

போனோம். சார், நான், காளிதாஸ், ரஹ்மான்.

மேட்டுக்குப் பின்பக்கம் சாலை அகலப்படுத்திய இடத்தில் இரண்டாவது வழியின் ஃபைபர் குழாய் நசுங்கிக் கிடந்தது. உள்ளே கம்பி இல்லை. வெறும் குழாய். அங்கிருந்து திரும்பி, பாலத்துக்கு அடியில் மேன்ஹோலைத் திறந்தார்கள். கொசு மொய்த்தது. காளிதாஸ் உள்ளே இறங்கி டார்ச் அடித்தார். 

"சார்… ரெண்டும் ஒரே பைப்புலதான் போவுது சார்."

ரஹ்மான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்ததைச் சொன்னார். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. ரோடு போட்டவர்கள் குழாயை நசுக்கிவிட்டார்கள். விடிந்தால் பண்டிகை, காளிதாஸ் ஊரில், லாபிஸில் இருந்தார். ரஹ்மான் ஆட்கள் ராவோடு ராவாக இரண்டாவது கம்பியைப் பாலத்துக் குழாய்க்குள் மாற்றி இழுத்து இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள். தற்காலிகமாகத்தான். பண்டிகை கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தார். திரும்பி வந்தவனிடம் முதல் நாளே வேலையை நீட்ட மனசு வரவில்லை. பிறகு வெள்ளம், பிறகு வேறு வேலை, மறந்தே போனது.

"சொல்லியிருந்தா இவன் முறுக்கைப் போட்டுட்டு ஓடி வந்திருப்பான், புவான்" என்றார் ரஹ்மான் என்னிடம்; மேடத்துக்கு மலாயில் அப்படித்தான். எங்களோடு இருந்து இருந்து அவர் பேசுகிற தமிழ் என் மகள் பேசுவதைவிட நன்றாக இருக்கும்.

காளிதாஸ் மேலே ஏறி வந்து சேற்றுக் கையோடு நின்றார். "அவன ஏசாதீங்க சார். நானும் ராயாவுக்கு ரெண்டு எடத்துல இப்படித்தான் பண்ணிருக்கேன். அவன்கிட்ட சொல்லல."

கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. ஒருத்தர் பண்டிகையை ஒருத்தர் கெடுக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்ட இரண்டு நல்ல மனிதர்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக மூன்று தாமானின் தண்ணீர் ஒரே குழாயில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

 சார் மேன்ஹோல் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரஹ்மானிடம், "எவ்வளவு நாளில் பிரிக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

1 மார்ச், சனி

ஜனவரியிலிருந்து எங்களுக்கும் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியதில் ஒரு கஷ்டம். சுகுமாறனும் சிங்கப்பூர் வேலைக்குப் போகாமல் அன்றைக்கே வீட்டில் இருக்கிறார், எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப ஒனக்குத்தானே போஸ்ட்டு? நல்லதுதான?" என்றார்.

எனக்குச் சுரீரென்றது. என்ன மனுசன் இவர், ஒருத்தர் தலையில இடி விழுந்திருக்கு, நல்லதாம். தோசைக் கரண்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

ஆனால் உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். காளிதாஸ் "ஒரே பைப்பு" என்று சொன்ன அந்த நொடியில் எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அதனால்தான் கோபம்.

5 மார்ச், புதன்

குழுக் கூட்டம். ஆண்டில் ஒருமுறை வரும் மன்றத்து ஆட்களும் இருந்தார்கள்.

வரும் வழியில் லிப்டில் கேட்டேன், எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்று. ரோடு காண்டிராக்டர் செய்த வேலை என்று ஆரம்பித்தால் பாதி பாரம் அங்கே போய்விடும், பொய்யும் இல்லை. "ஓம், பொய் இல்லை" என்றார். அவ்வளவுதான்.

உள்ளே எழுந்து நின்றார். போன வருடம் கை தட்டிய அதே மன்றத்து ஆட்களுக்கு முன்னால்.

"மேட்டுப் பம்புக்கு இரண்டு வழி இருக்கிறது என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன். இல்லை. ஒன்றுதான் இருந்தது. வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் நான் போய்ப் பார்க்கவில்லை. நானே போட்ட வழி என்பதால் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன்."

யார் மாற்றியது என்று துவான் ஹாஜி கேட்டார். பண்டிகை நேரத்து அவசர வேலை, அந்த நேரத்தில் அது சரியான வேலை, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு முறை வைக்காதது நான் என்றார். இரண்டு பேரின் பெயரும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. மறுபடி கேட்டார்கள். மறுபடியும் அதே பதில்.

அப்புறம் மென்பொருளுக்கு வந்தார். பினாங்கு கம்பெனியையே வாங்க வேண்டும் என்றார். மன்றத்துக்காரர் ஒருவர், உங்களை மாட்டிவிட்ட மென்பொருள் ஆயிற்றே என்றார் கிண்டலாக.

"அதுக்காகத்தான்" என்றார் சார். "நான் சொன்னதை அழகாக வரைந்து காட்ட எனக்கு ஆள் தேவையில்லை. நான் சொன்னது பிழை என்று சொல்லத்தான் ஆள் தேவை."

பதினோரு வருடம் இவரைச் சோம்பேறி என்று நினைத்திருக்கிறேன். இன்று அந்த மனுசனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.  குரல் நடுங்கவில்லை அவருக்கு. 

13 மார்ச், வியாழன்

புதுக் குழாய் புதைத்துக் கம்பியைப் பிரிக்கும் வேலை முடிந்தது. நோன்பு மாதம். பகலில் தோண்டுகிற வேலை முழுவதையும் காளிதாஸ் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள், ரஹ்மான் நிழலில் உட்கார்ந்து இழைகளை இணைத்தார். சார் தினமும் வந்து நின்றார்.

20 மார்ச், வியாழன்

பினாங்கு மென்பொருள்தான். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மிஸ் ஓங் போனில் மூன்று தடவை நிஜமாகவா என்று கேட்டாள்.

26 மார்ச், புதன்

கடிதம் வந்தது. பதவி எனக்கு.

துவான் ஹாஜி கூப்பிட்டுச் சொன்னார். பிரேமகுமார் நல்ல மனிதர், ஆனால் மன்றம் ஒப்பாது என்றார். நன்றி சொன்னேன். வெளியே வந்ததும் எங்கே போவது என்று தெரியவில்லை, நேரே அவர் மேசைக்குத்தான் கால் போனது.

"கேள்விப்பட்டன். சந்தோசம்" என்றார். எழுந்து நின்று கை கொடுத்தார். எனக்காக எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"சார், எனக்கு இது…"

"உங்களுக்கு வர வேண்டியதுதான், வாசுகி. நீங்கள் வேலை தெரிஞ்ச ஆள். வருத்தம் எனக்கு இருக்கு, இல்லை எண்டு சொல்ல மாட்டன். வீட்டில சுபத்திராவுக்கு இன்னும் கூட. ஆனா அது உங்கள் மேல இல்லை."

ஒன்று மட்டும் கேட்டார். புது மென்பொருளில் நகரம் முழுவதையும் ஏற்றுகிற வேலையைத் தனக்குக் கொடுக்க முடியுமா என்று. ஜூனியர் ஆட்கள் செய்கிற வேலை. சரி என்றேன். கழிவறையில் போய் அழுதேன். சந்தோஷமா, வருத்தமா? இரண்டும்தான் போல.

7 ஏப்ரல், திங்கள்

ராயா முடிந்து ரஹ்மான் குழு திரும்பியது. காளிதாஸ் வாசலிலேயே காத்திருந்தார். முதலில் இருவரும் வேனில் ஏறி, விடுமுறையில் கை வைத்த ஒவ்வொரு இணைப்புப் பெட்டியையும் திறந்து பார்த்து, மாற்றத்தை மென்பொருளில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் ராயா ரெண்டாங் கறி டப்பா திறந்தது. சார் வைத்த முறை இது. முதலில் இருவருக்கும் கூச்சம். வேனிலிருந்து இறங்கும்போது சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

21 மே, புதன்

நாளை மன்றத்தில் நான் பேச வேண்டும். மேட்டுப் பம்புக்கு இரண்டு வழி என்று புதுத் தலைவர் வாக்குத் தர வேண்டுமாம். மென்பொருளில் இரண்டு கோடும் பச்சை. சாரிடம் போய், சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"என்னட்ட கேட்காதேங்கோ. என்னட்ட கேட்டால் நான் ஓம் எண்டுதான் சொல்லுவன். போனமுறையும் ஓம் எண்டுதான் சொன்னன்."

வெயிலில் இரண்டு வழியையும் நடந்தேன். கூடவே அவரும் வந்தார், ஆனால் ஒரு மேன்ஹோலைக் கூட அவர் முதலில் எட்டிப் பார்க்கவில்லை. என்னையே பார்க்க விட்டார். இரண்டும் தனித்தனிதான், நாளை வாக்குத் தரலாம்.

17 ஜூன், செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன். பாலத்துப் பக்கம் லோங்காங் சாக்கடை தோண்டியவர்கள் இயந்திரத்தால் ஃபைபர் குழாயை வாரி எடுத்துவிட்டார்கள். முதல் வழி போச்சு.

ஓடினேன். திரையில் பாலத்துக் கோடு சிவப்பு. பின்பக்கத்துக் கோடு பச்சையாகவே இருந்தது. பம்பு நிற்கவில்லை. நம்ப முடியாமல் வீட்டுக்கு அடித்தேன். சுகுமாறன் இன்று லீவு.

"தண்ணி வருதா?"

"வருது. துணி தொவைக்கிறேன். ஏன், வராம?"

"ஒண்ணுமில்ல. தொவைங்க."

டயாலிசிஸ் நிலையத்துக்கும் கேட்டோம். அவர்களுக்கு ஏதோ நடந்தது என்றே தெரியவில்லை.

துவான் ஹாஜி இறங்கி வந்துவிட்டார். முகம் நிறையச் சிரிப்பு. மன்றத் தலைவருக்கு இப்போதே சொல்கிறேன், உன் வாக்கு நின்றது வாசுகி என்று போனை எடுத்தார். அறையில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் சாரைத் தேடினேன். கடைசி மேசையில் உட்கார்ந்து அறுந்த இடத்தை மென்பொருளில் குறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்து, இது உங்கள் வழி சார், நீங்களே வந்து துவான் ஹாஜியிடம் பேசுங்கள் என்றேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்ப ஒரு வழிதான் இருக்கு, வாசுகி. முதல்ல அதைச் சொல்லுங்கோ."

நிமிர்ந்தேன். துவான் ஹாஜி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். அவர் காதில் போனை வைப்பதற்குள் சொன்னேன்: "துவான் ஹாஜி, இந்த நிமிடம் மேட்டுப் பம்புக்கு இரண்டு வழி இல்லை. ஒன்றுதான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்."

அவர் சிரிப்பு நின்றது. கை தட்டியவர்களும் நிறுத்திவிட்டார்கள். போனைக் கையில் பிடித்தபடி என்னை ஒரு தரம் பார்த்தார், பிறகு கடைசி மேசையை ஒரு தரம் பார்த்தார். அப்படியே சொன்னார்.

காளிதாஸும் ரஹ்மானும் ஏற்கெனவே வேனைக் கிளப்பியிருந்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன்.